விடுமுறையும் ஓயாத வாயும்: பல் மருத்துவர் பதில்கள்

கேள்வி: மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு ஐந்து. விடுமுறை விட்டால் போதும், காலையில் கண் விழித்ததிலிருந்து இரண்டு பேர் வாயும் அசைந்துகொண்டே இருக்கிறது. வருகிற விருந்தாளிகளும் சாக்லேட்டோடுதான் வருகிறார்கள். போன விடுமுறை முடிந்ததும் மகனுக்கு இரண்டு பல்லில் சொத்தை. இந்த முறை இனிப்பை வீட்டுக்குள்ளேயே விடப் போவதில்லை. சரிதானே?

பதில்: நடக்கிற காரியமா அது? நீங்கள் நிறுத்தினாலும் விருந்தாளி நிறுத்த மாட்டார், பாட்டி நிறுத்த மாட்டார், அப்புறம் பிள்ளைகள் ஒளிந்து சாப்பிடுவார்கள், ஒளிந்து சாப்பிடுகிறவன் வாய்கூடக் கொப்பளிக்க மாட்டான். இன்னொன்று, அந்த இரண்டு சொத்தையும் ஒரே விடுமுறையில் வந்திருக்காது. பல்லின் கெட்டியான மேலுறையான எனாமலில் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குழி விழப் பொதுவாகப் பல மாதங்கள் ஆகும். ஏற்கெனவே அரித்துக்கொண்டிருந்ததை விடுமுறை கொஞ்சம் வேகப்படுத்தியிருக்கும், அவ்வளவுதான்.

எவ்வளவு தின்றான் என்று எண்ணுவதைவிட எத்தனை தடவை தின்றான் என்று எண்ணுங்கள். பல்லின் மேல் பிசுபிசுவென்று ஒரு படலம் படிகிறதே, அதில் கிருமிகள் குடியிருக்கின்றன. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்பது அவற்றில் பேர்போன ஆசாமி. சர்க்கரை கிடைத்த சில நிமிடங்களிலேயே அவை அதை அமிலமாக மாற்றிவிடும். படலத்தின் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று அர்த்தம்) சுமார் 5.5க்குக் கீழே போனதும் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். பிறகு எச்சில் வந்து அமிலத்தை முறித்து, கரைந்ததில் ஒரு பகுதியைத் திரும்பப் பல்லிலேயே படிய வைக்கும். இதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேண்டும். அந்த அவகாசத்தைக் கொடுக்கிறோமா என்பதுதான் கேள்வி. ஒரே மூச்சில் நான்கு சாக்லேட் தின்றால் பல்லுக்கு ஒரு அடி. அதே நான்கை மணிக்கு ஒன்றாகத் தின்றால் நான்கு அடி, நடுவில் மூச்சுவிடவும் நேரமில்லை.

இது எப்படித் தெரிந்தது என்பது கொஞ்சம் வருத்தமான கதை. 1940களில் ஸ்வீடனில் வீப்பெஹோல்ம் என்ற காப்பகத்தில் இருந்த அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு, அவர்களுடைய சம்மதம் இல்லாமலே, பல்லில் ஒட்டும் டாஃபிகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். சாப்பாட்டோடு சேர்ந்து போன சர்க்கரை குறைவாகவே பல்லைக் கெடுத்தது, நடுநடுவே கொடுத்த ஒட்டும் மிட்டாய்தான் மிக மோசமாகக் கெடுத்தது என்று 1954இல் முடிவு வெளியானது. யாரும் செய்திருக்கக் கூடாத ஆராய்ச்சி. அதில் தெரிந்ததை வைத்துத்தான் இன்றைக்கும் நாங்கள் அறிவுரை சொல்கிறோம்.

ஆகவே, கூடத்து மேசையில் நாளெல்லாம் திறந்து கிடக்கிறதே அந்தத் தட்டு, முதலில் அதை எடுத்து உள்ளே வையுங்கள். வந்த இனிப்பு எல்லாம் ஒரே டப்பாவுக்குப் போகட்டும். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு டப்பா திறக்கும், பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும், மூடியாயிற்று என்றால் மறுநாள்தான். சாப்பாட்டு நேரத்தில் எச்சில் ஏற்கெனவே நன்றாக ஊறியிருக்கும், அதனால் அந்த நேரம். இரவு பல் துலக்கிய பிறகு மட்டும் யார் கெஞ்சினாலும் கிடையாது, ஏனென்றால் தூங்கும்போது எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும், ஒட்டிய சர்க்கரை விடிய விடிய அங்கேயே கிடக்கும்.

கேள்வி: இனிப்புதானே பல்லைக் கெடுக்கும், உப்பு போட்ட சிப்ஸ், பிஸ்கட் எவ்வளவு தின்றாலும் ஒன்றும் ஆகாது என்கிறார் என் கணவர். உண்மையா?

பதில்: உங்கள் கணவர் சிப்ஸ் பிரியர் போலிருக்கிறது. சிப்ஸில் இருப்பது மாவுச்சத்து. எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி வாயிலேயே அதைச் சர்க்கரையாக உடைக்கத் தொடங்கிவிடும். அதோடு மென்ற மாவு கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் அப்பிக்கொண்டு லேசில் போகாது. சாக்லேட்டாவது உருகி இறங்கிவிடும், பிஸ்கட் மாவை நாக்கால் எவ்வளவு நேரம் துழாவுகிறோம் என்று நினைத்துப் பாருங்கள். அதற்காக சிப்ஸே கூடாது என்று சொல்லவில்லை. பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: சர்க்கரைக்குப் பதிலாகத் தேன், உலர் திராட்சை, பழச்சாறு என்று இயற்கையாகக் கொடுத்தால்?

பதில்: கிருமிக்கு இயற்கை, செயற்கை என்ற பேதம் தெரியாது. தேனும் சர்க்கரைதான். உலர் திராட்சையிலும் பேரீச்சையிலும் சத்து உண்டு, மறுக்கவில்லை, ஆனால் பல்லிடுக்கில் ஒட்டுவதில் டாஃபிக்கு உறவு. சாப்பாட்டோடு கொடுங்கள். பழச்சாற்றில் சர்க்கரையும் இருக்கிறது, அமிலமும் இருக்கிறது; பழமாகவே கடித்துத் தின்பது எவ்வளவோ மேல். சாக்லேட்டுக்கும் குச்சி மிட்டாய்க்கும் இடையில் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் சாக்லேட்டைச் சொல்வேன். சீக்கிரம் வாயைக் காலி செய்யும்.

கேள்வி: எல்லாவற்றையும் வேண்டாம் என்றால் நடுவில் பசிக்கும் பிள்ளைக்கு என்னதான் கொடுப்பது?

பதில்: சீஸ் ஒரு துண்டு கொடுங்கள். மென்று தின்னும்போது எச்சில் ஊறும், அதிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் பல்லுக்கு வேண்டியவை, வாயின் அமிலமும் குறையும். இனிப்பு தின்ற பிறகு கடைசியாக ஒரு துண்டு சீஸ் கொடுப்பதும் நல்ல தந்திரம். சர்க்கரை சேர்க்காத தயிர், அவித்த முட்டை, நறுக்கிய வெள்ளரி, கேரட் எல்லாம் சரி. பாதாம், வேர்க்கடலை மிக நல்லவை, ஆனால் ஐந்து வயதுக்குக் கீழே முழுசாகக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் சிக்கும் ஆபத்து இருக்கிறது, பொடித்துக் கொடுக்கலாம். குடிக்கத் தண்ணீர் அல்லது வெறும் பால். பிள்ளைகள் தாகத்தைப் பசி என்று சொல்வதும் உண்டு, முதலில் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: இனிப்பு தின்றதும் உடனே பல் துலக்கிவிட்டால் தொல்லை தீர்ந்ததுதானே?

பதில்: உடனே வேண்டாம். குறிப்பாகக் குளிர்பானம், எலுமிச்சை, புளிப்பு மிட்டாய் இவற்றுக்குப் பிறகு எனாமலின் மேற்பரப்பு கொஞ்சம் இளகியிருக்கும், அப்போது தேய்த்தால் தேய்மானம்தான். தண்ணீரில் நன்றாகக் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரமாவது கழித்துத் துலக்குங்கள். இரவு ஃப்ளூரைடு பேஸ்ட்டில் துலக்கியதும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டு அலச வேண்டாம், ஃப்ளூரைடு கொஞ்ச நேரம் பல்லில் தங்கட்டும்.

கேள்வி: சர்க்கரை இல்லாத சூயிங்கம் நல்லது என்கிறார்களே, விளம்பரமா, நிஜமா?

பதில்: நிஜம்தான். சாப்பிட்டபின் இருபது நிமிடம் மென்றால் எச்சில் பெருகி அமிலத்தைக் கழுவும். அதில் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் சைலிட்டால் என்ற இனிப்பை மியூட்டன்ஸ் கிருமியால் அமிலமாக்க முடியாது. விழுங்கிவிடாமல் மெல்லத் தெரிந்த பிள்ளைகளுக்கு மட்டும் கொடுங்கள். அளவு மீறினால் வயிறு கலங்கும். வீட்டில் நாய் இருந்தால் அந்த டப்பாவை எட்டாத உயரத்தில் வையுங்கள், சைலிட்டால் நாய்களுக்கு விஷம்.

கேள்வி: எனக்கு வயது 62. இரண்டு பல்லுக்குக் கேப் போட்டிருக்கிறேன். பேரனோடு சேர்ந்து டாஃபி சாப்பிடலாமா?

பதில்: கேப் டாஃபியோடு கழன்று வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படி வந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள், கழுவி ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வாருங்கள், பெரும்பாலும் திரும்ப ஒட்டிவிடலாம். பேரனுக்குத் துணையாக நீங்கள் சாக்லேட் எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா.