மான்செஸ்டர் யுனைடெட் ஓல்ட் டிராஃபோர்டை விட்டு 100,000 பேர் அமரும் புது மைதானத்துக்குப் போவது சரியா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் யுனைடெட் ஆள் இல்லை. லண்டன் கிளப்பான வெஸ்ட் ஹாமின் ரசிகன். "பிறகு உனக்கென்ன இந்தக் கேள்வியில் வேலை" என்று யாராவது கீழே எழுதத்தான் போகிறீர்கள், எழுதுங்கள். ஆனால் பழைய சின்ன மைதானத்தை விட்டுப் பெரிய மைதானத்துக்குப் போன கிளப்பின் ரசிகன் எப்படி இருப்பான் என்று தெரிய வேண்டுமென்றால் எங்களைத்தான் கேட்க வேண்டும். 2016-இல் போனோம். இன்றுவரை எங்களுக்குள் சண்டை ஓயவில்லை.

கேள்வி கேட்டவர் அநேகமாக டிவியில் பார்க்கும் ரசிகர் என்று நினைக்கிறேன். 2025 மார்ச்சில் வந்த புது மைதானத்தின் அந்த மாதிரிப் படம், மூன்று உயரக் கம்பங்களும் குடை மாதிரிக் கூரையும், அதைப் பார்த்து அசந்திருப்பீர்கள். ஓல்ட் டிராஃபோர்டின் கூரை ஒழுகும் வீடியோவை யாராவது நக்கலுக்கு அனுப்பியிருப்பார்கள், அதில் கொஞ்சம் வெட்கமும் வந்திருக்கும். இப்போது ஏறக்குறைய 74,000 பேர் கொள்ளும் இடம் 100,000 ஆகப்போகிறது, செலவு இரண்டு பில்லியன் பவுண்டு என்கிறார்கள். சரி, என் பதில்: போகட்டும். ஆனால் கூடப்போகும் அந்த 26,000 இருக்கைகளில் யாரை உட்கார வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் அது சரியா பிழையா என்று நான் சொல்லுவேன். ஏன் அப்படி என்று விளங்க வேண்டுமென்றால் என் கதையைக் கேட்க வேண்டும். நீளம்தான்.

எங்கள் பழைய மைதானம் கிழக்கு லண்டனில் அப்டன் பார்க்கில் இருந்தது. 1904-இலிருந்து 2016 வரை கிளப் அங்கேதான் விளையாடியது. அதைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் எல்லோரும் உள்ளே இருந்தவர்கள். நான் வெளியே இருந்தவன். கிரீன் ஸ்ட்ரீட்டில் எங்கள் ஊர் அண்ணை ஒருவரின் கடையில் பல வருடம் வேலை செய்தேன், மைதானம் கூப்பிடு தூரம். சத்தத்தை வைத்தே கோல் யாருக்கு விழுந்தது, நடுவர் யாரை வெளியே அனுப்பினார் என்றெல்லாம் சொல்லிவிடுவோம். ஊரில் உதைபந்தாட்டம் விளையாடித் திரிந்தவனுக்கு அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று சிகரெட்டும் சூயிங்கமும் பியர் கேனும் விற்றுக்கொண்டிருப்பது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

டிக்கெட் எடுத்துப் போயிருக்கலாமே என்பீர்கள். அங்கே 35,000 இருக்கைதான். சீசன் டிக்கெட் எல்லாம் தகப்பனிடமிருந்து மகனுக்கு, மாமனிடமிருந்து மருமகனுக்கு என்று குடும்பத்துக்குள்ளேயே சுற்றும். மிச்சம் இருப்பதன் விலை என் சம்பளத்துக்கு ஒத்துவராது. சனிக்கிழமை மூன்று மணி என்பது கடையில் உச்ச வியாபார நேரம் வேறு. முதலாளி அண்ணை எண்பதுகளில் வந்தவர். அந்தக் காலத்தில் மைதான வாசலில் நேஷனல் ஃப்ரண்ட் என்ற இனவெறிக் கட்சியின் ஆட்கள் நின்று பத்திரிகை விற்பார்களாம், மேட்ச் நாளில் எங்கள் ஆட்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளேயே இருப்பார்களாம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பயம் எவ்வளவோ குறைந்துவிட்டது, ஆனாலும் அவர் ஒரு மேட்சுக்குக்கூடப் போனதில்லை. கேட்டால் "அது அவையின்ரை விளையாட்டு, எங்களுக்கென்னத்துக்கு" என்பார். லண்டன் வந்த நாளிலிருந்து அந்த மைதானத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்.

அதனால் பழைய இடம் என்றால் ஏழைத் தொழிலாளியின் சொர்க்கம் என்று யாராவது எழுதினால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். 1991-இல் அதே கிளப், அதே இடத்தில், சீசன் டிக்கெட் வாங்கும் உரிமைக்கே 500 பவுண்டிலிருந்து தொடங்கும் பத்திரம் வாங்க வேண்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. சனம் மைதானத்துக்குள் இறங்கிப் போராடியது. இதெல்லாம் இப்போது உருகுகிறவர்களுக்கு வசதியாக மறந்துவிடும்.

கடைசி மேட்ச் 2016 மே 10, உங்கள் யுனைடெட்டோடுதான். யுனைடெட் வந்த பஸ்ஸுக்குச் சிலர் போத்தல் எறிந்தார்கள், ஆட்டம் முக்கால் மணி நேரம் பிந்தித் தொடங்கியது. எறிந்தவர்களுக்காக நான் பரிந்து கதைக்க வரவில்லை, அதை முதலில் சொல்லிக்கொள்கிறேன். அன்று நாங்கள் ஷட்டரை முழுதாகவே இறக்கிவிட்டு உள்ளே ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் வின்ஸ்டன் ரீட் தலையால் அடித்து 3-2 ஆக்கியபோது ரேடியோவுக்கு முன்னால் தெருவுக்குச் சத்தம் வந்துவிட்டது. அண்ணை கூட எழும்பி நின்றார்.

அப்புறம் ஸ்ட்ராட்ஃபோர்ட். 2012 ஒலிம்பிக்குக்குக் கட்டிய மைதானம், மூன்று மைல் தூரம்கூட இல்லை. முதல் வருடமே 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு 99 பவுண்டுக்கு சீசன் டிக்கெட் கொடுத்தார்கள். சீசன் முழுவதற்கும் 99! அப்போது நான் கடையை விட்டு வேறு வேலைக்குப் போயிருந்தேன், சனிக்கிழமை ஓய்வு. மகனுக்கும் மகளுக்கும் எனக்குமாக எடுத்தேன். 60,000 இருக்கை இல்லையென்றால் எங்களுக்கு அந்த மூன்று இருக்கை ஒருநாளும் கிடைத்திருக்காது. இதைச் சொன்னால் பழைய ஆட்களுக்குக் கோபம் வருகிறது. "நீயெல்லாம் 2016-க்குப் பிறகு வந்தவன்தானே" என்று ஒருவர் என் முகத்துக்கு நேரேயே கேட்டார். ஆமாம், உள்ளே வந்தது பிறகுதான். தெருவில் எத்தனை வருடம் நின்றேன் என்பதை யார் கணக்கெடுப்பது?

மைதானம் நல்லதா என்று கேட்டால், இல்லை. இதை மறைக்க மாட்டேன். ஓட்டப் பந்தயத்துக்குக் கட்டிய இடத்தில் பந்து விளையாடினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கிறது. கீழ்த்தட்டு இருக்கைகளை முன்னுக்குத் தள்ளினாலும் கோல் கம்பத்துக்குப் பின்னால் இருப்பவனுக்கும் புல்லுக்கும் நடுவே பெரிய வெறும் இடம். மேலே எங்கள் இருக்கையிலிருந்து பார்த்தால் எதிர்ப்பக்க கோலில் யார் அடித்தது என்று பெரிய திரையைப் பார்த்துத்தான் தெரியும். ஆட்டம் முடிந்து ஸ்டேஷனுக்கு நடக்கும்போது 'நில்', 'போ' என்று பலகை பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அதைப் பார்த்து நின்று நின்று போக வேண்டும்.

அதைவிடப் பெரிய சங்கதி, அது எங்களுடையது இல்லை. 99 வருடக் குத்தகை. தொடக்க வாடகை வருடத்துக்கு இரண்டரை மில்லியன் பவுண்டு. பந்தாட்டத்துக்கு ஏற்றபடி மாற்றக் கடைசியில் 323 மில்லியன் ஆனது, அதில் கிளப் போட்டது 15 மில்லியன். மிச்சம் பொதுமக்கள் காசு. அதாவது லண்டனில் வரி கட்டும் எங்கள் எதிரிக் கிளப்பான டாட்டன்ஹாமின் ரசிகனும் எங்களுக்குக் காசு போட்டிருக்கிறான், அதை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பும் வருகிறது. ஆனால் வாடகை வீட்டில் ஆணி அடிக்கவும் வீட்டுக்காரனைக் கேட்க வேண்டும் என்பதுபோல, புல்லைச் சுற்றி விரித்த கம்பளத்தைக் கிளப்பின் நிறத்தில் போடுவதற்கே இரண்டு தரப்புக்கும் தகராறு வந்து 2018 கடைசியில்தான் தீர்ந்தது. இந்த இடத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. யுனைடெட் கட்டப்போவது பந்தாட்டத்துக்கென்றே கட்டும் மைதானம், அதுவும் பழையதற்குப் பக்கத்திலேயே. ஆர்சனல் 2006-இல் போனதும் நடந்து போகும் தூரம்தான். எவர்ட்டன் 1892-இலிருந்து இருந்த குடிசன் பார்க்கை விட்டுவிட்டு 2025-இல் துறைமுகக் கரைக்குப் போனார்கள், அதுவும் பந்தாட்டத்துக்கென்றே கட்டியது. ஆகவே எங்களைக் காட்டி "பார், இடம் மாறினால் இப்படித்தான்" என்று யாராவது உங்களைப் பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

2018 மார்ச்சில் பெர்ன்லியிடம் 3-0 என்று தோற்ற மேட்சுக்கு நாங்கள் மூன்று பேரும் போயிருந்தோம். சிலர் மைதானத்துக்குள் ஓடினார்கள், ஒருவர் மூலைக் கொடியைப் பிடுங்கி நடு வட்டத்தில் நட்டார், கிளப் முதலாளிகள் இருந்த இடத்துக்குக் கீழே பெரிய கூட்டம் கூடிக் கத்தியது. மகள் வீட்டுக்குப் போகலாம் என்று அழத் தொடங்கிவிட்டாள். கீழே பயந்துபோயிருந்த சில பிள்ளைகளை எதிரணியான பெர்ன்லியின் மாற்று ஆட்டக்காரர்கள் தங்கள் பெஞ்சில் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். எதிரணி ஆட்கள்! அன்று கத்தியவர்களின் கோபம் எனக்கு விளங்காமல் இல்லை. அவர்களுக்குப் பெரிய அணி, பெரிய வீரர்கள் என்றெல்லாம் ஆசை காட்டித்தான் பழைய இடத்தை விற்றார்கள். வாழ்நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் இருந்தவன் இப்போது வேறெங்கோ இருக்கிறான். கோபம் வரத்தான் செய்யும். ஆனால் மகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது எனக்கும் வேறு ஒரு கோபம் வந்தது. அதை இங்கே எழுதினால் சண்டை வரும், விட்டுவிடுகிறேன்.

பிறகு 2022 மார்ச் 17, ஸ்பெயின் கிளப் செவியாவோடு ஐரோப்பியப் போட்டியில் இரண்டாவது ஆட்டம். இதை மட்டும் எழுதாமல் விட முடியாது. முதல் ஆட்டத்தில் 1-0 என்று தோற்றிருந்தோம். இங்கே எங்கள் சூச்செக் ஒன்று போட்டுச் சமன் செய்தார், கூடுதல் நேரம் வந்தது. எங்கள் யார்மோலென்கோ மாற்று ஆளாக வந்திருந்தார். உக்ரைன்காரர். அவர் நாட்டில் படையெடுப்பு தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. சில நாட்களுக்கு முன் ஆஸ்டன் வில்லாவோடு கோல் அடித்துவிட்டு முழங்காலில் இருந்து அழுதிருந்தார். அன்று 112-ஆவது நிமிடத்தில் திரும்பவும் அவர்தான் அடித்தார். வீட்டு ஆட்களிடமிருந்து ஃபோன் வருமா வராதா என்று தெரியாமல் வேலைக்குப் போய்வருவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை, 2009-இல் நானும் அப்படித்தான் போய்வந்தேன். மகன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அந்த மைதானத்தில் சத்தமே வராது என்று சொல்கிறவர்கள் அன்று வந்திருக்க வேண்டும். சத்தம் கூரையால் வருவதில்லை, ஆட்டத்தால் வருவது. அடுத்த வருடம் பிராகில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஓர் ஐரோப்பியக் கோப்பையும் வென்றோம்.

அந்த இறுதி ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வந்தால் வேறொரு ஆத்திரம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் எங்கள் ஆட்கள் சாமத்திய வீடு, பிறந்தநாள், அரங்கேற்றம் எல்லாவற்றையும் சனி ஞாயிறு பின்னேரமாகப் பார்த்துத்தான் வைப்பார்கள். கார்டில் நான்கு மணி என்று இருக்கும். நான்கு மணிக்குப் போனால் மண்டபத்தில் பலூன் கட்டுகிறவரும் நானும்தான் இருப்போம். ஆறரைக்குப் பிள்ளையைக் கூட்டிவருவார்கள், வீடியோக்காரர் ஒன்பது மணிவரை அவளை வைத்துப் படம் எடுப்பார், சாப்பாடு பத்துக்கு. போகாவிட்டால் "பந்துதான் பெரிசாப் போச்சோ" என்று மச்சான் மூன்று மாதம் முகம் கொடுக்க மாட்டார். அந்த ஐரோப்பிய இறுதி ஆட்டம் புதன்கிழமை வந்ததால் தப்பினேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தெருவைப் பற்றிக் கேட்பீர்கள். மைதானம் இருந்த இடத்தில் இப்போது 800-க்கு மேற்பட்ட வீடுகள். அங்கே ஒன்று வாங்கலாம் என்று போன அதே மச்சான் விலையைக் கேட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிட்டார். மேட்ச் நாள் வியாபாரத்தை நம்பியிருந்த கடைகள் அடிபட்டன, எங்கள் அண்ணையின் கடையும்தான். ஆனால் சேலைக் கடைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், நிம்மதி என்பார்கள். மேட்ச் நாளில் சேலை எடுக்க யார் வருவார்கள்? எங்கள் பழைய ஆட்டக்காரர் பாபி மூர் உலகக்கோப்பையோடு நிற்கும் சிலை மட்டும் இன்னும் பார்க்கிங் ரோடு (Barking Road) முனையிலேயே நிற்கிறது.

இப்போது யுனைடெட்டுக்கு வருவோம். எங்களை உள்ளே எடுத்த அதே கிளப் 2024-இல் சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் இருந்த டிக்கெட் சலுகைகளை வெட்டப் போனது, ரசிகர்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். இந்த முறை நானும் அந்தப் பழைய ஆட்களும் ஒரே பக்கம், அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். உங்கள் கிளப்பும் அதே சீசனில், பாதியில், மிச்ச டிக்கெட்டெல்லாம் 66 பவுண்டு, பிள்ளைக்கும் கிழவருக்கும் அதே விலை என்று அறிவித்தது. இப்படிச் செய்கிறவர்கள்தான் 100,000 இருக்கை கட்டப்போகிறார்கள். கட்டுவதற்குப் பட்ட கடனை அடைக்க யாரிடம் காசு வாங்குவார்கள்? துபாயிலிருந்து ஒருநாள் வந்து பணக்காரருக்கான தனி அறைக்குள் இருந்து பார்த்துவிட்டுப் போகிறவரிடமா, ஓல்ட் டிராஃபோர்ட் வாசலில் கடை வைத்திருப்பவரின் பிள்ளையிடமா?

ஆகவே படத்தையும் கம்பத்தையும் விடுங்கள், தம்பி. விலைப் பட்டியல் வரும்போது மேல்தட்டு மூலையில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து எனக்கும் சொல்லுங்கள். 99 பவுண்டுக்குப் பக்கத்தில் இருந்தால் நானே உங்களுக்காகக் கைதட்டுகிறேன், வெஸ்ட் ஹாம் ஆளாக இருந்தாலும்.