கரண்ட் போனால் நிரம்பும் மெமரி: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே முறைப்பாடுதான். மெஷின் இரண்டு மூன்று வாரம் ஒழுங்காக ஓடும், பிறகு படுத்துவிடும், ரீஸ்டார்ட் பண்ணினால் ஒன்றும் நடக்காதது போல எழும்பும். அதனால் வைரஸ், பிரிண்டர் கேள்விகளையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், குறை நினைக்க வேண்டாம்.

களுவாஞ்சிகுடி வாசகர்: லினக்ஸ் போட்ட 4 ஜிபி கணினி. "ஃப்ரீ" கட்டளை அடித்துப் பார்த்தால் 150 எம்பிதான் மிச்சம் காட்டுகிறது. கேர்னல் மெமரியைக் கசிய விடுகிறதா?

இல்லை. சும்மா கிடக்கும் மெமரியில் கேர்னல், அதாவது கணினியை நிர்வகிக்கும் லினக்ஸின் மையப் பகுதி, டிஸ்க்கிலிருந்து படித்த ஃபைல்களை வைத்துக்கொள்ளும், யாராவது கேட்டால் உடனே விட்டுக் கொடுக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது "அவைலபிள்" என்ற கடைசி நிரல். இந்தக் குழப்பம் உலகம் முழுக்க இருந்ததால்தான் 2014-இல் வந்த 3.14 கேர்னலில் அந்தக் கணக்கைத் தனியாகவே போட்டுக் காட்டத் தொடங்கினார்கள். அது குறையாமல் நின்றால் நிம்மதியாகத் தூங்குங்கள்.

கல்முனை வாசகர்: அண்ணா, எங்கள் டியூட்டரியில் ஒரு பழைய கணினியை லினக்ஸ் சேர்வராக வைத்திருக்கிறோம். 18, 20 நாளில் அசையாமல் நின்றுவிடுகிறது. ஓடுகிற புரோகிராம்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் 600 எம்பி தாண்டவில்லை, ஆனால் 4 ஜிபியில் மூன்றரை போய்விட்டது, நீங்கள் சொல்லும் அவைலபிளும் நாளுக்கு நாள் இறங்குகிறது. யார்தான் தின்கிறார்கள்?

புரோகிராம் கணக்கில் வராமல் மெமரி போகிறது என்றால் கேர்னல் பக்கம்தான் பார்க்க வேண்டும் தம்பி. கல்யாண வீட்டுக்குக் கதிரை, கிடாரம் வாடகைக்கு விடுகிற கடையை நினைத்துக்கொள்ளுங்கள். புரோகிராம் என்பது கல்யாண வீடு. அங்கே எவ்வளவு சாமானைத் தாறுமாறாகப் போட்டிருந்தாலும் வீடு முடிந்ததும் லொறி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விடும், அதாவது புரோகிராம் செத்தால் அதன் மெமரி முழுவதும் திரும்பிவிடும். கேர்னலும் அதற்குள் ஓடும் டிரைவர்களும் (வைஃபை போன்ற சாதனங்களை இயக்கும் மென்பொருள் துண்டுகள்) கடைக்காரரின் சொந்த ஆட்கள். அவர்களில் ஒருவன் தன் வேலைக்கு ஒரு கிடாரத்தை எடுத்துப் பின்வளவில் வைத்துவிட்டு மறந்தால் எந்த லொறியும் அதைத் தேடிப் போகாது. கடையை இழுத்து மூடித் திறக்கும் வரைக்கும், அதாவது ரீஸ்டார்ட் வரைக்கும், அது அங்கேயேதான் கிடக்கும். "கசிவு" என்ற சொல்லே எனக்குப் பிடிப்பதில்லை, ஏனென்றால் எதுவும் வெளியே ஒழுகவில்லை, உள்ளேதான் முடங்கிக் கிடக்கிறது.

முதலில் "ப்ரொக்" அடைவில் இருக்கும் "மெம்இன்ஃபோ"வைத் திறந்து "எஸ்ரிக்ளெய்மபிள்", "எஸ்அன்ரிக்ளெய்ம்" என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். இரண்டும் கேர்னல் தன் சின்னச் சின்னத் தேவைகளுக்கு எடுத்த மெமரி. முதலாவது கேட்டால் திரும்ப வரும், அது பெரிதாக இருந்தால் பதற வேண்டாம். இரண்டாவது திரும்பி வராதது. அது இறங்காமல் ஏறிக்கொண்டே போனால்தான் சந்தேகம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த வரியை ஒரு ஃபைலில் எழுதச் சொல்லி கிரோனில் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் வசதி) போட்டுவிட்டு ஒரு வாரம் மெஷினைத் தொடாதீர்கள். பெரிய கருவிகளுக்குப் போகுமுன் இதைச் செய்யச் சொல்கிறேன், ஏனென்றால் இதைச் செய்யாமல் நானே ஒரு மாதம் வீணாக்கியிருக்கிறேன்.

அது 2022 மார்ச். மட்டக்களப்பில் ஒரு சிறிய அலுவலகத்தின் சேர்வர், 2 ஜிபி மெமரி, பாதியை டேட்டாபேஸ் பிடித்துக்கொள்ளும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நின்றுவிடும். சேர்வர் பற்றரியில் ஓடியது, றவுட்டர் பக்கத்துக் கட்டடத்தில் பற்றரி இல்லாமல் இருந்தது, இரண்டுக்கும் நடுவே யூஎஸ்பியில் செருகிய ஒரு வைஃபை டொங்கிள். நான் டேட்டாபேஸைச் சந்தேகித்தேன், மெமரிச் சிப்பைக் கழற்றித் துடைத்துப் போட்டேன், பக்கத்தில் வைக்க ஒரு ஃபேன்கூட வாங்கினேன். கடைசியில்தான் அந்த வரியைப் பதிந்து கிராஃப் போட்டேன், பார்த்தால் படிக்கட்டு! சில மணி நேரம் ஏறுகிறது, பிறகு மட்டமாகக் கிடக்கிறது, மறுபடி ஏறுகிறது. நேரத்தோடு சீராக ஏறும் என்று நினைத்திருந்த எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிளேன்டீ கொண்டுவந்து வைத்த கணக்குப் பார்க்கும் தங்கச்சிதான் திரையைப் பார்த்துவிட்டு, "இது கரண்ட் போற நேரம்தானே அண்ணா?" என்றாள். சுவரில் ஒட்டியிருந்த மின்வெட்டு அட்டவணையில் எங்கள் வலயத்தின் எழுத்துக்கு நேரே இருந்த மணிகளை வைத்துப் பார்த்தோம், ஒவ்வொரு படியும் அப்படியே பொருந்தியது.

நடந்தது இதுதான். கரண்ட் போனால் றவுட்டர் செத்துவிடும், சேர்வர் உயிரோடு இருக்கும், டொங்கிளின் டிரைவர் 3 செக்கனுக்கு ஒருமுறை இணைப்பைத் தேடும், ஒவ்வொரு தேடலுக்கும் 8 கிலோபைட் வாங்கும், றவுட்டர் கிடைக்காவிட்டால் திருப்பிக் கொடுக்காமலே வெளியே வந்துவிடும். மணிக்கு 1,200 தேடல், 7 மணி நேர வெட்டுக்கு 8,400, அதாவது சுமார் 65 எம்பி. அந்த மாதக் கடைசியில் வெட்டு 13 மணி நேரம் ஆனபோது ஒரே நாளில் 120 எம்பி தாண்டியது. நிரூபிக்கக் கரண்ட் இருக்கும்போதே றவுட்டரை இரண்டு நிமிடம் அணைத்து வைத்தோம், 40 தேடல், 320 கேபி, கணக்கு அச்சொட்டாக வந்தது.

எதோடு சேர்ந்து ஏறுகிறது என்று தெரிந்த பிறகு மிச்சம் வேகமாக நடந்தது. "ஸ்லாப்டொப்" ஓட்டினால் கேர்னல் தன் மெமரியை வகை வாரியாகப் பிரித்து வைக்கும் பெட்டிகளில் எது பெருகுகிறது என்று காட்டும், அங்கே "கேமலொக்-8கே" என்ற பெயர்தான் மேலே நின்றது. அந்தப் பெயர் அளவை மட்டும்தான் சொல்லும், எடுத்தவன் யாரென்று சொல்லாது. ஒரே மாதிரி அளவுள்ள பெட்டிகளைக் கேர்னல் சில வேளை ஒன்றாகச் சேர்த்துவிடும் என்பதால் "ஸ்லாப்_நோமெர்ஜ்" என்று கொடுத்து பூட் பண்ணினால் படம் கொஞ்சம் தெளியும். எடுத்தவனைப் பிடிக்க "கேமெம்லீக்" என்ற கேர்னலின் கசிவு தேடும் கருவி வேண்டும். கட்டலின் மரினாஸ் எழுதியது, 2009-இல் 2.6.31 கேர்னலோடு வந்தது. சாதாரணமாகக் கிடைக்கும் கேர்னல்களில் அதைப் பெரும்பாலும் அணைத்தே வைத்திருப்பார்கள், நீங்களே மூலக் குறியீட்டிலிருந்து கேர்னலைக் கட்ட (கம்பைல் பண்ண) வேண்டி வரும். எனக்கு அது ஒரு பின்னேரம் எடுத்தது, நடுவில் கரண்ட் போய் மறுபடி முதலிலிருந்து! ஆனால் அறிக்கையில் அளவு, எடுத்த நேரம், எந்த ஃபங்ஷன் (குறியீட்டின் ஒரு துண்டு) எதைக் கூப்பிட்டு எடுத்தது என்ற வரிசை எல்லாம் இருந்தது. அந்த ஃபங்ஷனைத் திறந்தால் வெளியேற மூன்று வழி. இரண்டில் மெமரியை விடுவித்திருந்தார்கள், மூன்றாவதில், றவுட்டர் கிடைக்காத வழியில், வெறும் "ரிட்டர்ன்". ஒரு வரி சேர்த்தேன், தீர்ந்தது. டொங்கிளோடு சீடியில் வந்த டிரைவர் அது, யாருடையது என்பதை விடுங்கள்.

உங்கள் டியூட்டரியில் எது நிகழும்போது ஏறுகிறது? வகுப்பு நேரமா, பென்டிரைவ் செருகும்போதா, இரவில் பேக்கப் ஓடும்போதா? அதை எழுதி அனுப்புங்கள், கருவியைப் பிறகு பார்ப்போம். 2024-இல் வந்த 6.10 அல்லது அதற்குப் பிந்திய கேர்னல் என்றால் "அலொக்இன்ஃபோ" என்ற வசதி இருக்கிறது. கேர்னலைக் கட்டும்போது அதைச் சேர்த்திருந்தால் மூலக் குறியீட்டின் எந்த வரி எவ்வளவு மெமரியைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நேராகவே பட்டியல் போடும். எங்கள் காலத்தில் இருந்திருந்தால் ஃபேன் காசு மிச்சம்.

ஒலுவிலிலிருந்து ஒரு மாணவி: எஸ்அன்ரிக்ளெய்ம் தெளிவாக ஏறுகிறது சேர். ஆனால் கேமெம்லீக் ஒன்றுமே சொல்லவில்லை. கருவி பிழையா?

கருவி பிழையில்லை மகள், அது எப்படித் தேடுகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. அதே வாடகைக் கடைதான். கடையிலுள்ள ஒவ்வொரு துண்டுச் சீட்டையும் புரட்டி, எந்தக் கிடாரத்தின் இலக்கம் ஒரு சீட்டிலும் இல்லையோ அதை அநாதை என்று அறிவிக்கும். சாதாரணமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தேடும், அதன் ஃபைலில் "ஸ்கேன்" என்று எழுதினால் உடனே தேடும். இப்போது ஒருவன் கிடாரங்களை எடுத்து, இலக்கங்களையும் ஒழுங்காக ஒரு கொப்பியில் எழுதி, ஆனால் ஒன்றையும் திருப்பிக் கொடுக்காமல் இருந்தால்? இலக்கம் இருக்கிறது, ஆகவே கேமெம்லீக் வாயைத் திறக்காது. கேர்னலில் இது நீண்டுகொண்டே போகும் ஒரு லிஸ்ட்டாகவோ, ஏற்றிவிட்டு இறக்க மறந்த ரெஃபரன்ஸ் எண்ணிக்கையாகவோ (ஒன்றை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு) இருக்கும். என் அனுபவத்தில் இந்த இரண்டாவது வகைதான் ஆளைக் கொல்லும். எங்கே எடுத்தார்கள் என்று கண்டுபிடித்தாலும் பயனில்லை, ஏனென்றால் பிழை இருப்பது எடுத்த இடத்தில் அல்ல, விட வேண்டிய இடத்தில்.

பக்கம் (பேஜ்) என்ற நிலையான அளவுத் துண்டுகளாக நேரே எடுக்கும் மெமரியையும் கேமெம்லீக் கவனிப்பதில்லை. அந்த மெமரி எஸ்அன்ரிக்ளெய்மிலும் வராது என்பதால் உங்கள் பிரச்சினை அதுவல்ல, அதற்கு "பேஜ் ஓனர்" என்று தனிக் கருவி. உங்களுக்கு நான் சொல்வது வேறு வழி: பழைய கேர்னலில் இந்த ஏற்றம் இல்லை என்றால் "கிட் பைசெக்ட்" (பிழையைக் கொண்டுவந்த மாற்றத்தைத் தேடும் கட்டளை) போடுங்கள். இரண்டு பதிப்புக்கு நடுவே பதினாயிரத்துக்கு மேல் மாற்றங்கள் இருந்தாலும் பாதி பாதியாக வெட்டிப் போனால் 14 தடவையில் ஒரே மாற்றத்துக்கு வந்துவிடலாம். ஒவ்வொரு தடவையும் கேர்னலைக் கட்ட வேண்டும் என்பதால் ஏறுவதைச் சில நிமிடத்தில் காட்டும் சோதனை ஒன்று கையில் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

ஏறாவூர் வாசகர்: இதெல்லாம் லினக்ஸ் கதை. விண்டோஸில் இதே மாதிரி நடந்தால்?

டாஸ்க் மானேஜரில் மெமரிப் பக்கத்தில் "நொன்-பேஜ்ட் பூல்" என்று ஒரு எண் இருக்கும், கேர்னலும் டிரைவர்களும் பிடித்திருக்கும் மெமரி அது, ஓயாமல் ஏறினால் அநேகமாக ஒரு டிரைவர்தான். மைக்ரோசொஃப்ட் தரும் "பூல்மொன்" அதை நான்கெழுத்து டாக் (எடுத்தவன் ஒட்டும் அடையாளச் சீட்டு) வாரியாகப் பிரித்துக் காட்டும். பெருகும் டாக்கைக் குறித்துக்கொண்டு, டிரைவர் ஃபோல்டரில் எந்த ஃபைலுக்குள் அந்த நான்கெழுத்து இருக்கிறது என்று "ஃபைன்ட்ஸ்டர்" கட்டளையால் தேடுங்கள், ஆள் பெரும்பாலும் அகப்படுவார்.

சம்மாந்துறை வாசகர்: எங்கள் அரிசி ஆலைக் கணினியை தினமும் இரவு 2 மணிக்கு ரீஸ்டார்ட் ஆகும்படி போட்டுவிட்டேன். பிரச்சினை தீர்ந்தது. இது பிழையா?

பிழை என்று சொல்ல மாட்டேன், அறுவடைக் காலத்தில் ஆலை ஓடுவதுதான் முக்கியம். ஆனால் அந்தக் கணினி இன்டர்நெட்டைப் பார்த்தபடி இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். சில கசிவுகள் வெளியிலிருந்து வரும் பக்கெட் (நெட்வேர்க்கில் வரும் தகவல் துண்டு) ஒன்றால் கிளறப்படும், தெரிந்தவன் வேண்டுமென்றே அனுப்பினால் இரவு 2 மணி வரைக்கும் காத்திருக்காது. அப்புறம் இன்னொன்று, ரீஸ்டார்ட் ஆனதும் சாட்சி எல்லாம் அழிந்துவிடும். ஆகவே "மெம்இன்ஃபோ", அதே அடைவிலுள்ள "ஸ்லாப்இன்ஃபோ" (பெட்டிகளின் பட்டியல்) இரண்டையும் தேதி போட்டு டிஸ்க்கில் நகலெடுக்கும் கட்டளையையும் அந்த ஸ்கிரிப்டில் சேருங்கள். ரீஸ்டார்ட் கட்டளைக்கு மேல் வரியில் போடுங்கள், கீழே போட்டுவிட்டு "ஒன்றும் பதியவில்லை" என்று எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.