பேஸ்மேக்கருக்குப் பிறகு ஓட்டம்: ஒரு கடிதம்

வணக்கம் சார்,

நெடுந்தூர ஓட்டம் பற்றி நீங்கள் எழுதுவதைப் பல வருடங்களாகப் படிக்கிறேன். வயது 43. அரை மாரத்தான், முழு மாரத்தான் இரண்டும் ஓடியிருக்கிறேன். ஓய்வில் நாடித்துடிப்பு 45 பக்கம் இருப்பது பயிற்சியின் பலன் என்றே நினைத்திருந்தேன். இரண்டு முறை மயங்கி விழுந்த பிறகுதான், இதயத்தின் மின் உத்தரவு கீழ் அறைக்குப் போய்ச் சேராத முழு ஹார்ட் பிளாக் என்று தெரிந்தது. மூன்று வாரத்துக்கு முன் இரண்டு லீட் (இதயத்துக்குள் போகும் கம்பி) உள்ள பேஸ்மேக்கர் வைத்தார்கள்.

இடது கையை அசைக்கவே பயம். தூக்கத்தில் கை மேலே போய்விடுமோ என்று துண்டால் உடம்போடு கட்டிக்கொண்டு படுக்கிறேன். நேற்று நான்கு மாடி வேகமாக ஏறிப் பார்த்தேன். மூன்றாவது மாடி வரை ஒன்றுமில்லை. அப்புறம் திடீரென்று மூச்சு வாங்கி, கால் கனத்துவிட்டது. கைக்கடிகாரத்தில் 120ஐ ஒட்டி இருந்த துடிப்பு 60க்கு இறங்கியிருந்தது. ஒரு நிமிடம் நின்றதும் சரியாகிவிட்டது. மெஷினில் கோளாறா? ஓடலாமா என்று கேட்டால் டாக்டர் “நார்மலா இருங்க” என்கிறார். வீட்டிலோ டென்மார்க் கால்பந்து வீரர் எரிக்சன் மைதானத்தில் விழுந்த வீடியோவைக் காட்டி, ஓட்டமே வேண்டாம் என்கிறார்கள். என் ஓட்டம் முடிந்துவிட்டதா சார்?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

முடிந்துவிட்டது என்று நினைக்க உங்கள் கடிதத்தில் ஒரு காரணமும் இல்லை. நானும் காறை எலும்புக்குக் கீழே பேஸ்மேக்கரை வைத்துக்கொண்டு ஓடுகிறவன்தான். ஆனால் நான் டாக்டர் இல்லை. அதனால் முதல் வேலையாக, மாடிப்படியில் நடந்ததை இன்றே உங்கள் பேஸ்மேக்கர் கிளினிக்குக்குப் போன் செய்து சொல்லுங்கள். அடுத்த செக்கப் வரை வைத்திருக்காதீர்கள். வைத்த புதிதில் லீட் இடம் மாறினாலும் துடிப்பு விழலாம். அது இல்லை என்று மெஷினைப் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும். அவர்கள் பார்த்துச் சொல்லும் வரை வேகமாக மாடி ஏறிப் பார்க்க வேண்டாம். மறுபடி மயக்கமோ கண் இருட்டிக்கொண்டு வருவதோ இருந்தால் போன் செய்துகொண்டு இருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

லீட் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள் என்றால், நீங்கள் எழுதியிருப்பது எனக்கு மிகவும் பழக்கமான ஒன்று. உங்களுக்கு இதயத்தின் மேல் அறை தன் வேலையைச் செய்கிறது. அதன் உத்தரவு கீழ் அறைக்குப் போய்ச் சேரவில்லை. பேஸ்மேக்கர் மேல் அறையின் துடிப்பைக் கேட்டு, சற்றுக் காத்திருந்து, கீழ் அறையைத் துடிக்கவைக்கிறது. அதன் பிறகு கொஞ்ச நேரம் மேல் அறையைக் கவனிக்காமல் இருக்கும். கீழிருந்து திரும்பி வரும் மின் அதிர்வைப் புதுத் துடிப்பென்று எடுத்துக்கொண்டு ஓட்டிவிடக் கூடாதே, அதற்காக. காத்திருப்பு 200 மில்லிசெகண்ட், கவனிக்காத நேரம் 300 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து அரை செகண்ட். அரை செகண்டுக்கு ஒரு துடிப்பு என்றால் நிமிடத்துக்கு 120. மேல் அறை அதைத் தாண்டிய கணத்தில், ஒன்றுவிட்டு ஒரு துடிப்பு அந்தக் கவனிக்காத நேரத்துக்குள் போய் விழுந்துவிடும். கீழ் அறைக்குப் பாதிதான் கிடைக்கும். உங்கள் கடிகாரத்தில் வந்த 60 அந்தக் கணக்குக்கு அப்படியே பொருந்துகிறது.

அப்படியென்றால் இது கோளாறு இல்லை, செட்டிங். பேஸ்மேக்கர் வைத்துக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். வைக்கும்போது, எவ்வளவு வேகம் வரை கீழ் அறையைத் துடிக்கவைக்கலாம் என்ற மேல் வரம்பை 120, 130 என்று விடுவது வழக்கம், அவர்களுக்கு அது போதும். மலைச்சரிவில் 165 துடிப்போடு ஓடும் ஆளுக்கு அது எப்படிப் போதும்? இதை நீங்கள் வாய்விட்டுக் கேட்காவிட்டால் யாரும் மாற்ற மாட்டார்கள். “நார்மலா இருங்க” என்று டாக்டர் சொன்னது அன்பாகத்தான். ஆனால் அவர் மனதில் இருக்கும் நார்மல் கடைக்குப் போய்வருவது. உங்கள் நார்மல் இரண்டு மணி நேர ஓட்டம் என்பதை நம்பரோடு சொல்லுங்கள்: பயிற்சியில் துடிப்பு எவ்வளவு, பந்தயத்தில் எவ்வளவு, எத்தனை நிமிடம். பழைய ஓட்டங்களின் பதிவு கடிகாரத்தில் இருக்குமே, எடுத்துக்கொண்டு போங்கள்.

எனக்கு இதை டிரெட்மில்லில் வைத்துத்தான் சரிசெய்தார்கள். டெக்னீஷியன் ஒரு சின்னப் பெட்டியை மார்பின்மேல் தொங்கவிட்டு, திரையில் ஒவ்வொரு துடிப்பையும் பார்த்துக்கொண்டே சரிவை ஏற்றிக்கொண்டு போனார். மேல் அறையின் குறி ஒன்று, கீழ் அறையின் குறி ஒன்று என்று ஜோடி ஜோடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் மேலே இரண்டு, கீழே ஒன்று. அதே நொடியில் என் தொடை இரும்பாகிவிட்டது. பெல்ட்டை நிறுத்தி, காத்திருப்பையும் கவனிக்காத நேரத்தையும் குறைத்து, மேல் வரம்பை ஏற்றி, மறுபடி ஓடவிட்டார். அந்தச் சரிவை ஒன்றுமே நடக்காத மாதிரி கடந்தேன். எவ்வளவு ஏற்றலாம் என்பது மெஷினையும் உங்கள் இதயத்தையும் பொறுத்தது, அதை அவர்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆனால் டிரெட்மில் சோதனை வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

இதைப் படிக்கும் சைக்கிள்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மேல் அறையே சரியாக வேகமெடுக்காதவர்களுக்கு, பேஸ்மேக்கருக்குள் இருக்கும் சென்சார் வேகத்தைக் கூட்டும். பல மெஷின்களில் அது உடம்பின் அசைவைத்தான் கவனிக்கிறது. சைக்கிளில் கால் உழைக்கும், மார்பு அசையாது. அதனால் ஏற்றத்தில் உயிர் போகும்போதும் சென்சார் நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளும். மூச்சின் அளவைக் கவனிக்கும் சென்சார்கள் இந்த இடத்தில் நன்றாக வேலை செய்யும். எந்த விளையாட்டு என்பதைப் பேஸ்மேக்கர் வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

சரி, கைக்கு வருவோம். துண்டை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். லீட்டின் நுனி இதயத் தசையில் சின்னத் திருகாணி போல் பிடித்திருக்கிறது. அதைச் சுற்றித் திசு வளர்ந்து இறுகச் சில வாரம் ஆகும். அதுவரை, பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம், முழங்கையைத் தோளுக்கு மேல் கொண்டுபோக வேண்டாம், அந்தக் கையால் கனமானதைத் தூக்கவோ இழுக்கவோ வேண்டாம் என்கிறார்கள். சில மருத்துவமனைகளில் இதைவிடக் குறைவாகவும் சொல்வார்கள், உங்களுக்குச் சொன்னதையே பின்பற்றுங்கள். ஆனால் தோளுக்குக் கீழே கையைத் தாராளமாக அசைக்கலாம், அசைக்கவும் வேண்டும். கட்டியே வைத்திருந்தால் தோள் இறுகிப்போகும். அது வந்துவிட்டால் மாதக்கணக்கில் படுத்தும், பேஸ்மேக்கரே தேவலாம் என்று ஆகிவிடும். தூக்கத்தில் ஒருமுறை கை மேலே போனதற்காக லீட் கழன்று விழுந்துவிடாது.

காலுக்கு இந்தத் தடை இல்லை. நடங்கள், சமதரையில், பேச்சு தடைப்படாத வேகத்தில். ஓட்டத்தை எப்போது ஆரம்பிப்பது என்பதைத் தேதியோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

காயம் சிவந்து சூடாக இருந்தால், வீங்கிக்கொண்டே போனால், நீர் கசிந்தால், காய்ச்சல் வந்தால் பேஸ்மேக்கர் வைத்த மருத்துவமனையிலேயே போய்க் காட்டுங்கள். வேறு யாரையும் அதில் ஊசி போட்டு உறிஞ்சவிடாதீர்கள். விடாத விக்கலோ மார்புத் தசை துடித்துக்கொண்டே இருப்பதோ இருந்தாலும் சொல்ல வேண்டும், லீட் நகர்ந்ததன் அடையாளமாக இருக்கலாம்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு கேள்விதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. 43 வயதில் ஹார்ட் பிளாக் ஏன் வந்தது? பல வருடப் பயிற்சியால் துடிப்பு குறைவது உண்டு. முழு பிளாக் வந்து மயங்கி விழுவது வேறு. இதயத் தசையில் அழற்சி, உறுப்புகளில் சின்னச் சின்ன அழற்சிக் கட்டிகளை உண்டாக்கும் சார்காய்டோசிஸ், பரம்பரைக் காரணம் எதுவும் இல்லை என்று தேடிப் பார்த்தார்களா? எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட்) எடுத்திருப்பார்கள். இதய எம்ஆர்ஐ எடுத்தார்களா என்று கேளுங்கள். இப்போது வைக்கும் பேஸ்மேக்கர்களில் பெரும்பாலானவற்றோடு, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, எம்ஆர்ஐ எடுக்க முடியும். நீங்கள் எவ்வளவு கடுமையாக ஓடலாம் என்பதை முடிவுசெய்வது பேஸ்மேக்கர் இல்லை, அதற்குக் கீழே இருக்கும் இதயம். அந்தப் பதில் கிடைக்காமல் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்காதீர்கள்.

வீட்டாரின் பயத்தை நான் மதிக்கிறேன். நீங்கள் விழுந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் எரிக்சனின் கதை வேறு. 2021 ஜூனில் ஃபின்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் அவருக்கு இதயம் நின்றுபோனது. அவருக்கு வைத்தது ஐசிடி, ஆபத்தான துடிப்பு வந்தால் ஷாக் கொடுத்து மீட்கும் கருவி. உங்களுடையது ஷாக் கொடுக்காது, துடிப்பு குறையும்போது ஈடுகட்டும், அவ்வளவுதான். அந்த வீடியோவின் மீதிக் கதையையும் வீட்டில் சொல்லுங்கள்: அடுத்த வருடமே அவர் களத்துக்குத் திரும்பினார், 2022 உலகக் கோப்பையில் டென்மார்க்குக்காக ஆடினார், 2024 யூரோ கோப்பையில் கோல் அடித்தார். முடிந்தால் அடுத்த செக்கப்புக்கு வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் தங்கள் கேள்வியை டாக்டரிடம் நேரடியாகக் கேட்கட்டும்.

ராத்திரி கை தானாகப் போய் பேஸ்மேக்கர் இருக்கும் அந்த மேட்டைத் தடவிப் பார்க்கும், ஒவ்வொரு துடிப்பையும் எண்ணும். எனக்கும் இருந்தது. அதை அடக்க முயல வேண்டாம், நாளாக நாளாக மறந்துபோகும். மறக்கவே இல்லை, தூக்கம் கெடுகிறது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், மனநல ஆலோசகரைப் பார்க்கத் தயங்காதீர்கள். மயங்கி விழுந்த ஆளுக்குத் தன் உடம்பின் மேல் நம்பிக்கை போவது இயல்பு.

பின்னால் வரும் விஷயங்கள் சில. போனைச் சட்டையின் இடது பையில் வைக்காதீர்கள், 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும், காந்தம் உள்ள போன்கள் அதிகமாகிவிட்டன. மோதல் உள்ள ஆட்டங்கள், பேஸ்மேக்கரை முழுக்க நம்பியிருப்பவருக்கு ஆகாது. நீச்சலும் பளுதூக்கலும் முடியாதவை அல்ல. ஆனால் காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே லீட் நசுங்கி நசுங்கித் தேயலாம் என்பதால் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். பேட்டரி சுமார் பத்து வருடம் வரும். மாற்றும்போது பெரும்பாலும் பெட்டியை மட்டும்தான் மாற்றுவார்கள், லீட் அப்படியே இருக்கும்.

1958 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில், முழுவதும் உடலுக்குள் வைக்கும் பேஸ்மேக்கரை முதன்முதலாகப் பெற்றவர் ஆர்னே லார்சன். அவருக்கும் உங்களுக்குப் போலவே ஹார்ட் பிளாக், அப்போது அவர் வயதும் உங்கள் வயதுதான், 43. முதல் கருவி சில மணி நேரமே ஓடியது. ஒன்று மாற்றி ஒன்றாக இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளோடு, அதை உருவாக்கிய பொறியாளரையும் வைத்த அறுவை மருத்துவரையும் தாண்டி, 2001 வரை வாழ்ந்தார்.

கிளினிக்குக்குப் பேசிவிட்டு எழுதுங்கள். மேல் வரம்பு இப்போது எந்த எண்ணில் இருக்கிறது, எதற்கு மாற்றினார்கள், எம்ஆர்ஐ பற்றி என்ன சொன்னார்கள் என்ற மூன்றும் எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்.