அடுப்படிக் கேள்வி–பதில்: மெக்சிகோவும் சீஸும்

கே: மெக்சிகோ சாப்பாடு என்றாலே சீஸ்தான். ஆஸ்டெக் காலத்திலிருந்தே உண்டா? (வாசகர், மதுரை)

ப: கிடையாது. 1519-ல் ஸ்பானியத் தளபதி கோர்டெஸ் கரையிறங்கும்வரை அங்கே கறக்கிற மாடும் இல்லை, ஆடும் இல்லை. சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, கழுவித் தோல் நீக்கி அரைத்த மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி, தக்காளி, மிளகாய் என்று போனது சமையல். பன்றிக் கொழுப்பில் பொரிப்பதுகூட ஸ்பானியர் வந்தபின் வந்ததே. மாடு வந்த பிறகும் இந்த அஸ்திவாரம் அசையவில்லை. சீஸ் அதன்மேல் வந்து உட்கார்ந்தது. மிச்சோவாகான் மாநிலத்தின் கோத்திஹா சீஸ் உப்புக் கரிக்கும், உருகாது. உதிர்த்து பீன்ஸ்மேல் கொஞ்சம் தூவுவார்கள். வஹாகா மாநிலத்தின் கேசியோ சீஸ் நூல்நூலாகப் பிரியும், டார்ட்டியா என்ற மெல்லிய ரொட்டிக்குள் உருகும். வடக்கே சிவாவா மாநிலத்துச் சீஸைத் தொடங்கியவர்கள் 1922-ல் கனடாவிலிருந்து குடியேறத் தொடங்கிய மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவு விவசாயிகள். தட்டு நிறைய மஞ்சள் சீஸை ஊற்றுவது எல்லைக்கு அப்பால் டெக்சஸ் பக்கத்துப் பழக்கம். மெக்சிகோ மண்ணின் மிளகாய் இல்லாமல் நமக்குக் குழம்பே இல்லை என்று ஆகிவிட்டதே, அதைவிடவா இது அதிசயம்?

கே: பனீர் வைத்துக் கேசடியா (சீஸ் வைத்து மடித்த டார்ட்டியா) சுட்டேன். உருகவே இல்லையே? (வாசகி, கோவை)

ப: எவ்வளவு நேரம் சுட்டாலும் உருகாது. கொதிக்கும் பாலில் எலுமிச்சை விட்டுத் திரிக்கும்போது, தெளிநீரோடு போகவேண்டிய புரதமும் சூட்டில் கெட்டிப்பட்டு மற்றதோடு ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் அது வறளுமே தவிர இளகாது. கேசியோ வேறு ஜாதி: ரென்னட் என்ற நொதி விட்டு உறையவைத்த பாலைப் புளிக்கவிட்டு, வெந்நீரில் பிசைந்து இழுத்து, நூல்கண்டுபோலச் சுற்றுவார்கள். இங்கே கிடைப்பதில் அதற்கு நெருக்கம் கட்டியான மோசரெல்லா. தண்ணீரில் மிதக்கும் உருண்டை வேண்டாம். ஈரம் கசிந்து டார்ட்டியா சொதசொதத்துவிடும். 15 செ.மீ. டார்ட்டியாவுக்கு 40 கிராம் துருவல் போதும். தீ மிதமாக இருக்கட்டும். கல் காய்ந்துவிட்டால் டார்ட்டியா கருகும், சீஸ் கட்டியாகவே நிற்கும். மீந்த பனீரை உதிர்த்து, 200 கிராமுக்கு 4 கிராம் உப்பு பிசிறி, பீன்ஸ்மேல் தூவுங்கள்.

கே: கேசோ ஃப்ரெஸ்கோ என்ற புதுச் சீஸை வீட்டில் செய்ய, ரென்னட் விட்டும் பால் உறையவில்லை. (வாசகர், சேலம்)

ப: டெட்ரா பாக்கெட் பாலோ, ஒருமுறை காய்ச்சின பாலோ ஊற்றியிருப்பீர்கள், இரண்டிலும் ரென்னட் சரியாகப் பிடிக்காது. சாதாரண பாக்கெட் பால் 2 லிட்டரை 35 டிகிரிக்குச் சூடாக்குங்கள். பாட்டிலில் சொன்ன அளவு ரென்னட்டை 50 மி.லி. ஆறின தண்ணீரில் கரைத்து ஊற்றி, அரை நிமிடம் கலக்கிவிட்டு, 45 நிமிடம் தொடாதீர்கள். குளோரின் வாடையடிக்கும் குழாய்த் தண்ணீர் ரென்னட்டைக் கெடுக்கும். கத்தியைச் செருகித் தூக்கினால் பிளவு சுத்தமாக விழவேண்டும். கூழாக இருந்தால் இன்னும் 10 நிமிடம். 1 செ.மீ. துண்டுகளாக வெட்டி, 10 நிமிடம் விட்டு, மெல்லக் கிளறி, துணியில் ஒரு மணி நேரம் வடியவிடுங்கள். பிறகு எடை போட்டு, 100 கிராமுக்கு 2 கிராம் உப்பு. ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.