வீட்டில் படிக்கவைக்க யாரிடம் மனு கொடுப்பது?

அன்புள்ள அக்கா,

நாங்கள் தங்கச்சிமடம். கணவர் விசைப்படகில் டிரைவர். மகனுக்கு ஒன்பது வயது, தனியார் பள்ளியில் நாலாம் வகுப்பு. காலையில் வேன் சத்தம் கேட்டாலே வாந்தி எடுக்கிறான். நான் பி.எட். முடித்தவள், வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது. என்னோடு படித்த தோழி பிரான்சில் இருக்கிறாள். மனு போட்டு அனுமதி வாங்கித்தான் மகளை வீட்டில் படிக்கவைக்கிறாள். இங்கே அந்த மனுவை சிஇஓ (முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸில் கொடுப்பதா, கலெக்டர் ஆபீஸிலா? பள்ளியில் கேட்டால், "அதெல்லாம் குற்றம்" என்கிறார்கள்.

ச., தங்கச்சிமடம்

அன்புள்ள ச.,

கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் எந்த மனுவைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு ரசீது தருவார்கள், இதையும் வாங்குவார்கள். ஆனால் வீட்டுக்கல்விக்கு அனுமதி தரவோ மறுக்கவோ அவர்களிடம் விதி இல்லை. உங்கள் தோழி சொன்னது அந்த ஊருக்குச் சரி. பிரான்சில் முன்பு தெரிவித்தாலே போதும். 2022 முதல் அரசின் அனுமதி வேண்டும், அதுவும் உடல்நலம், மாற்றுத்திறன் போன்ற காரணம் தவிர மற்றதற்கெல்லாம் அதிகபட்சம் ஒரு கல்வியாண்டுக்குத்தான் செல்லும். நம்மிடம் அப்படி ஒரு படிவமே கிடையாது.

குற்றம் என்பதும் சரியில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது, 10ஆம் பிரிவு. சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டம் தண்டனை எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கல்வியை அது தடுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. நாட்டில் வீட்டில் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறார்கள்.

இனி நம் கரைக்கு வருகிறேன். பையனை நிறுத்தியதும் பள்ளிக்கல்வித் துறையின் கணினிப் பதிவான எமிஸில் அவன் பெயர் 'காமன் பூலு'க்கு, அதாவது எந்தப் பள்ளியிலும் இல்லாத மாணவர் பட்டியலுக்குப் போகும். கொஞ்ச நாளில் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு என்று ஓர் ஆசிரியர் வாசலுக்கு வருவார். அவரிடம் கோபப்படாதீர்கள். பாசி எடுக்க அம்மாவோடு இறங்கும் பெண்பிள்ளை, வலை பிரிக்கப் போய் அப்படியே படகேறிவிடும் பையன், இவர்களைத் தேடித்தான் அவர் அலைகிறார். அவர் அலைவதில் எனக்குச் சந்தோஷம்தான். உங்கள் வீட்டுப் படிப்பும் அவர்கள் வீட்டு வறுமையும் அந்தப் பட்டியலில் ஒரே வரியாகத்தான் தெரியும். நோட்டுகளைக் காட்டுங்கள், என்ன சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். சொன்னதை எழுதியும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அனுமதியைவிட பெரிய கேள்வி, அவன் எந்தப் பரீட்சை வழியாக வெளியே வருவான் என்பது. எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதப் பன்னிரண்டரை வயது முடிந்திருக்க வேண்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு 14 வயது. ஆக வழி இருக்கிறது. ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கென்று 2020இல் வந்த மருத்துவ இடங்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு கைவிட்டுப் போகும். கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டமும் அப்படித்தான். படகு வருமானத்தில் ஓடும் வீட்டுக்கு இது சின்ன விஷயமில்லை.

அதனால் நானாக இருந்தால் ஐந்தாம் வகுப்பு முடியும் வயதுவரை வீட்டில் வைத்துப் பார்ப்பேன். ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளியில் சேர்த்தால் மேலே சொன்ன எதுவும் போகாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும், 4ஆம் பிரிவு. இடையில் பிடிக்கவில்லை என்றால் கல்வியாண்டின் நடுவிலும் சேர்க்கலாம்.

அப்புறம், அவனுக்கு ஆகாதது பள்ளியா, வேனா? கடிதத்தில் வேன் மட்டும்தான் வருகிறது. நடந்து போகிற தூரத்தில் இருக்கும் அரசுத் தொடக்கப்பள்ளிக்கு ஒருநாள் கூட்டிப்போய் உட்காரவைத்துப் பாருங்களேன். பி.எட். படித்த அம்மா சாயங்காலம் சொல்லிக்கொடுப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை.

எதைச் செய்தாலும் முதலில் டிசியைக் கேட்டு வாங்கிவிடுங்கள். ஃபீஸ் பாக்கி என்று இழுத்தடித்தால் பயப்படாதீர்கள். டிசி வரத் தாமதம் என்ற காரணத்தைச் சொல்லி அரசுப் பள்ளியில் சேர்க்கையை மறுக்க முடியாது.