பிளஸ் ஒன்னில் வேளாண் பிரிவு: தக்கலைத் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பத்தாம் வகுப்பில் 500-க்கு 438 மதிப்பெண் எடுத்த மகள், தான் படித்துவரும் அரசுப் பள்ளியிலேயே வேளாண் அறிவியல் தொழிற்கல்விப் பிரிவில் சேரப்போவதாகப் பிடிவாதமாக நிற்பதாகவும், நாகர்கோவிலில் உள்ள ஒரு தனியார் பள்ளியில் உயிரியல் பிரிவுக்கு நாளை மறுநாள் முன்பணம் கட்டலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அதைவிட, கடிதத்தின் கடைசி வரிதான் என்னை நிறுத்தியது: "1994-இல் அதே பிரிவில் பிளஸ் டூ முடித்தவன் நான், இன்று பெயின்ட்டும் ஆணியும் விற்கிறேன், படித்து என்ன கண்டேன்?"

அந்தக் கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன் முன்பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். தயவுசெய்து கட்டாதீர்கள். 2021-இல் தமிழ்நாடு அரசு இயற்றிய சட்டத்தின்படி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடங்கள் உண்டு. அந்த இடங்களில் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. உங்கள் மகள் இந்த உரிமைக்காக ஏற்கெனவே ஐந்து ஆண்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிறாள். மீதி இரண்டு ஆண்டுகளுக்காகத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த ஐந்தும் வீணாகிவிடும். அரசு உதவிபெறும் பள்ளிக்கும் இச்சலுகை கிடையாது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் உதவிபெறும் பள்ளிகள் ஊருக்கு ஊர் இருப்பதால் அவற்றையும் அரசுப் பள்ளி என்றே நினைத்துக்கொண்டு, கலந்தாய்வு நேரத்தில் வந்து வருந்தும் பெற்றோரை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஆகவே எந்தப் பிரிவாக இருந்தாலும் பள்ளி அரசுப் பள்ளியாகவே இருக்கட்டும்.

இனி உங்கள் கேள்வி. நான் இந்த ஆலோசனைப் பணிக்கு வருவதற்கு முன், கல்குளம் வட்டத்தில் இதே பிரிவுக்குத் தொழிற்கல்வி ஆசிரியனாக இருந்தவன். ஆகவே உங்கள் மனக்குறையில் எனக்கும் பங்கு இருக்கிறது. 1978-இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்கல்விப் பிரிவுகளும் உடன் வந்தன. பள்ளிப் படிப்பைக் கைத்தொழிலோடு இணைக்க வேண்டும் என்ற மத்திய அரசு அமைத்த கோத்தாரிக் கல்விக் குழுவின் பரிந்துரை அதற்குப் பின்னால் இருந்தது. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஒரு படி மேலே போய், மேல்நிலை மாணவர்களில் 10 சதவீதத்தினரை 1990-க்குள்ளும் 25 சதவீதத்தினரை 1995-க்குள்ளும் தொழிற்கல்விக்குக் கொண்டுவருவதாக இலக்கு வைத்தது. இலக்கு காகிதத்தில் நின்றுவிட்டது. பள்ளிகளில் நடந்ததோ வேறு: கணக்கும் அறிவியலும் கிடைக்காதவர்களைக் கடைசியாக எங்கள் வகுப்பில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். மற்றப் பிள்ளைகள் எங்களை 'மண்வெட்டி குரூப்' என்று அழைத்தார்கள். படித்து முடித்தபின் மேலே போகும் வழியையும் யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. நீங்கள் 1994-இல் வெளியே வந்தபோது உங்கள் கையில் இருந்தது ஒரு சான்றிதழும் மலைபோல் எழுதிய ரெக்கார்டு நோட்டும் மட்டுமே என்றால், அது உங்கள் குற்றமன்று.

இருந்தாலும் அந்த வகுப்பில் ஒன்றுமே நடக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ரப்பரில் மொட்டு ஒட்டும் பாடம் உங்களுக்கும் நினைவிருக்கும். நாற்றின் பட்டையைக் கீறித் தூக்கி, நல்ல ரக மரத்துக் கம்பிலிருந்து மொட்டுள்ள பட்டைத் துண்டை எடுத்து உள்ளே பொருத்தி, பாலிதீன் நாடாவால் கீழிருந்து மேலாக இறுக்கிச் சுற்ற வேண்டும். மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரித்து, ஒட்டிய பட்டையின் ஓரத்தை நகத்தால் இலேசாகச் சுரண்டினால் பச்சை தெரிய வேண்டும். பழுப்பாக இருந்தால் போயிற்று. ஓர் ஆண்டு எனது வகுப்பில் ஆளுக்குப் பத்து நாற்று கொடுத்திருந்தேன். தேர்வில் எப்போதும் கடைசியில் நிற்கும் ஒரு பெண் ஒட்டிய பத்தில் ஒன்பது பச்சை காட்டின. எனக்கு அன்று ஆறுதான். அவளுடைய கை அத்தனை வேகம், கீறிய பட்டையில் ஒரு துளிப் பால் காயும் முன் மொட்டு உள்ளே போய்விடும். அந்தக் கைக்கு மதிப்பெண் போட ரெக்கார்டு நோட்டில் கட்டம் இல்லை என்பதுதான் அந்தக் காலத்துத் திட்டத்தின் குறை.

அதற்குப் பின் வந்த சரிவை நீங்கள் கடையிலிருந்தே பார்த்திருப்பீர்கள். ஏலாக்களில், அதாவது நெல்வயல் வெளிகளில், மண் நிரப்பி வீடு கட்டினார்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த வயல்களில் வாழையும் தென்னையும் ஏறின. மேற்கே ரப்பரே கதி என்றிருந்த குடும்பங்களுக்கு, 2011-இல் கிலோ 240 ரூபாயைத் தொட்ட ரப்பர் ஷீட் 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே இறங்கியபோது பால் வெட்டுக் கூலிக்கே கட்டுப்படியாகவில்லை. பிள்ளை வளைகுடாவுக்குப் போகட்டும், அல்லது நர்ஸிங் படிக்கட்டும் என்று பெற்றோர் முடிவெடுத்ததில் வியப்பில்லை. பள்ளிகளிலும், ஓய்வுபெற்ற தொழிற்கல்வி ஆசிரியர்களின் இடங்கள் பல நிரப்பப்படாமலே கிடந்து, பிரிவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் மரச்சீனிக் கிழங்கும் செந்துளுவன் வாழையும் நின்ற முப்பது சென்ட் தோட்டத்தில் இன்று வகுப்பறைக் கட்டடம் நிற்கிறது. கட்டடம் தேவைதான், ஆனால் மாற்றாக ஒரு சென்ட் மண்ணைக்கூட ஒதுக்க யாருக்கும் தோன்றவில்லை என்பது இன்றும் எனக்கு உறுத்தல்.

இதே சரிவை வேறு நாடுகளும் கண்டிருக்கின்றன. அமெரிக்காவில் 1928-இல், உயர்நிலைப் பள்ளியில் வேளாண்மை படிக்கும் மாணவர்களுக்காக 'அமெரிக்காவின் எதிர்கால விவசாயிகள்' (Future Farmers of America) என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1980-களில் பண்ணைகள் கடனில் மூழ்கியபோது, வருங்கால விவசாயி என்ற பெயரே பிள்ளைகளை விரட்டும் நிலை வந்தது. 1988-இல் அவர்கள் முதலெழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு பெயரை 'தேசிய எஃப்.எஃப்.ஏ. அமைப்பு' என்று மாற்றினார்கள். ஏர் பிடிப்பவர் மட்டுமல்ல, விதை ஆய்வாளர், உணவுப் பதன்காரர், வேளாண் ஆசிரியர் எல்லோரும் எங்கள் பிள்ளைகளே என்று சொல்வது அதன் நோக்கம். உங்கள் மகள் கேட்பதும் ஏறத்தாழ இதுதான் என்று எனக்குப் படுகிறது. நீங்கள் 1994-இன் வகுப்பை நினைத்து மறுக்கிறீர்கள், அவள் இன்றைய வழிகளை நினைத்துக் கேட்கிறாள்.

அந்த வழிகளைச் சொல்கிறேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இளநிலைச் சேர்க்கையில் தொழிற்கல்விப் பிரிவு மாணவர்களுக்கென 5 சதவீத இடங்கள் தனியே உள்ளன. அந்த ஆண்டின் சேர்க்கைக் கையேட்டைப் பார்த்து எந்தெந்தப் பட்டப்படிப்புகளுக்கு அது பொருந்தும் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். நான்காண்டு வேளாண் பட்டம் பெற்றால் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் வேளாண்மை அலுவலர் தேர்வும், பொதுத்துறை வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வும் திறக்கின்றன. இரண்டாண்டு வேளாண் பட்டயம் படித்தால் உதவி வேளாண்மை அலுவலர் பணிக்குப் போட்டியிடலாம்.

கடைக்காரர் என்பதால் உங்களுக்கு உடனே புரியும் ஒன்று: பூச்சிமருந்து விற்கும் உரிமத்துக்கு 2017 முதல் வேளாண் பட்டமோ பட்டயமோ உரிய அறிவியல் பட்டமோ கட்டாயம் என்றாகிவிட்டது. முன்பு முதலீடு இருந்தால் போதும் என்றிருந்த தொழில், இன்று படித்த கையைத் தேடுகிறது. மத்திய அரசு 2002-இல் தொடங்கிய வேளாண் மருத்துவமனை, வேளாண் வணிக மையத் திட்டத்தில் 45 நாள் இலவசப் பயிற்சியும் வங்கிக் கடனுக்கு மானியமும் உண்டு. பெண்களுக்கு மானியம் 44 சதவீதம். பட்டதாரிகள் மட்டுமன்றி, பிளஸ் டூவில் வேளாண் சார்ந்த பிரிவில் 55 சதவீத மதிப்பெண் பெற்றவர்களும் அதற்குத் தகுதியானவர்கள் என்பதை, அந்தப் பிரிவில் படித்த உங்களிடம் யாராவது எப்போதாவது சொன்னார்களா?

இவ்வளவும் சொன்னபின் மூடும் கதவுகளையும் சொல்லாவிட்டால் நான் ஆலோசகன் அல்லன். தொழிற்கல்விப் பிரிவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்ந்து வராது. ஆகவே நீட் தேர்வு இல்லை, பி.எஸ்சி. நர்ஸிங் இல்லை. இரண்டு ஆண்டு கழித்து மனம் மாறினால் திரும்பும் பாதை மிகக் குறுகியது. மறுபுறம், உயிரியல் பிரிவில் படிப்பவரும் நீட் இல்லாமலே பி.எஸ்சி. வேளாண்மைக்கு விண்ணப்பிக்கலாம். 438 மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கு அந்தப் பாதையும் திறந்தே இருக்கிறது. எனவே என்னுடைய கருத்து இது: பள்ளியில் வேளாண் பிரிவுக்கு நிரந்தர ஆசிரியரும் உண்மையான தோட்டமும் இருந்தால் அவளுடைய விருப்பத்துக்கு விடுங்கள், இல்லையென்றால் அதே அரசுப் பள்ளியில், அல்லது பக்கத்து அரசுப் பள்ளியில், உயிரியல் பிரிவில் சேர்த்துவிட்டு, மண்ணோடு பழகும் வாய்ப்பை வெளியே தேடுங்கள். ஆசிரியர் இல்லாத தொழிற்கல்வி வகுப்பு, இரண்டு பாதைகளின் குறைகளையும் ஒன்றாகத் தரும்.

வெளியே தேடுவது நம் மாவட்டத்தில் கடினமில்லை. திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் நெல் ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. உங்கள் வீட்டார் விதைத்திருக்கக்கூடிய டி.பி.எஸ். நெல் ரகங்களின் பெயரில் உள்ள மூன்று எழுத்துகளும் அந்த ஊரின் பெயர்தான். பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டி வாழை ஏன் வெளியூர் மண்ணில் அதே சுவை தருவதில்லை என்ற கேள்வியோடு அவளை அங்கே ஒருமுறை அழைத்துப்போங்கள். அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு வரும்போதும் அவள் முகத்தில் ஆர்வம் குறையவில்லை என்றால், இது கணக்குப் பாடத்திலிருந்து தப்பிக்கும் வழியாக எடுத்த முடிவு அல்ல என்று நீங்கள் நம்பலாம்.

பள்ளியைப் பார்க்க ஒரு வேலை நாளில், காலை இடைவேளைக்குப் பின், மகளோடு போங்கள். தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டியவை: வேளாண் ஆசிரியர் நிரந்தரமா, அவருக்கு ஓய்வு எப்போது, கடந்த மூன்று ஆண்டுகளில் இப்பிரிவிலிருந்து எத்தனை பேர் வேளாண் கல்லூரிக்கோ பட்டயத்துக்கோ போனார்கள். பிறகு கட்டடத்தின் பின்பக்கம் போய்த் தோட்டத்தைப் பாருங்கள். கருவிகள் வைத்திருக்கும் அறையைத் திறந்து காட்டச் சொல்லி, மண்வெட்டிக் கணையை, அதன் மரப்பிடியை, கையில் எடுத்துத் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறதா, அல்லது கடையிலிருந்து வந்தபடியே சொரசொரப்பாக இருக்கிறதா என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். விண்ணப்பம் நிரப்பும் வேலையை அதன்பின் சேர்ந்து செய்வோம்.