நினைவில் இல்லாத காய்ச்சலைப் பற்றி எப்படிக் கேட்பது?

கேள்வி: போலியோ பரவிய ஆண்டுகளில் குழந்தைகளாக இருந்து பாதிக்கப்பட்டவர்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்து வருகிறேன். பலரும், "அப்போது எனக்கு இரண்டு வயது; எதுவும் நினைவில்லை" என்று முதல் கேள்வியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். மேற்கொண்டு என்ன கேட்பது?

பதில்: "நோய் எப்படி வந்தது?" என்பதற்குப் பதிலாக, "அதைப் பற்றி வீட்டில் யார், என்ன சொல்வார்கள்?" என்று கேளுங்கள். இரவில் காய்ச்சல் அடித்ததும், காலையில் எழுந்து நிற்க முடியாமல் விழுந்ததும் பெரும்பாலும் தாய் சொல்லிச் சொல்லிப் பிள்ளையின் மனத்தில் பதிந்தவை. அவற்றைத் தயங்காமல் பதிவுசெய்யலாம். ஆனால் எழுத்தாக்கத்தில் எது கண்டது, எது கேட்டது என்பதைப் பிரித்துக் காட்ட வேண்டும்.

"ஊசி போட்டார்கள், கால் போய்விட்டது" என்று சிலர் சொல்லக்கூடும். அந்த இடத்தில் திருத்தப் புகாதீர்கள். பல நேரங்களில் போலியோவின் காய்ச்சலுக்கே அந்த ஊசி போடப்பட்டிருக்கும். அதே சமயம், உடலில் கிருமி இருக்கும்போது தசையில் போடும் ஊசி பக்கவாதத்தைத் தூண்டக்கூடும் என்பதை மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது. ஆகவே அவர் சொன்னபடியே எழுதி, விளக்கத்தை அடிக்குறிப்பில் தருவதே முறை.

உடன்பிறந்தவர்களையும் சந்தியுங்கள். கிருமி தொற்றியவர்களில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே பக்கவாதம் வருகிறது என்பதால், ஒரே வீட்டில் ஒரு பிள்ளை முடங்க, மற்றப் பிள்ளைகள் அறிகுறியே இல்லாமல் தப்பியிருப்பார்கள். "எனக்கு ஏன் வரவில்லை?" என்ற உறுத்தலோடு வாழ்ந்தவர்களின் சொல்லும் இந்த வரலாற்றில் சேர வேண்டியதே. சற்றுப் பெரிய வயதில் நோயுற்றவர்களுக்குத் தனி வார்டும், பெற்றோரை எப்போதாவது மட்டுமே பார்க்க முடிந்த நாட்களும், சிலருக்கு இரும்பு நுரையீரலின் (உடலை உள்ளே வைத்து மூச்சுவிடச் செய்யும் உருளை வடிவ இயந்திரம்) ஓசையும் நேரடி நினைவாகவே இருக்கும். 1952இல் கோபன்ஹேகனில் மூச்சு நின்றுபோகும் நிலையிலிருந்த நோயாளிகளுக்கு மருத்துவ மாணவர்கள் முறைவைத்துக் கையாலேயே காற்றை அழுத்திச் செலுத்தினார்கள். அவர்களைப் போன்று உடனிருந்தவர்களும் சாட்சிகளே.

ஆண்டைக் கேட்டுத் திணறவைக்காமல், "பள்ளியில் சேரும் முன்பா, தம்பி பிறந்த பிறகா?" என்று கேளுங்கள். அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ஜோனாஸ் சால்க்கின் போலியோ தடுப்பூசி வெற்றி பெற்ற செய்தி 1955 ஏப்ரல் 12 அன்று வெளியானது. அதற்குச் சற்று முன்னர் நோயுற்றவர்களிடம், தடுப்பூசி வந்ததை அறிந்தபோது வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்பது பயன் தரும், ஆனால் அதை இரண்டாம் சந்திப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நோய் தணிந்து பல பத்தாண்டுகள் கழித்துப் புதிய தசைத் தளர்ச்சியும் கடும் சோர்வும் வரலாம் என்பதால், ஒரு அமர்வை முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். எந்தப் பகுதியையும் பின்னர் நீக்கச் சொல்லலாம் என்ற உரிமையை முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். காலைக் காட்டச் சொல்லிப் படம் எடுக்காதீர்கள்.

பலரிடம் மேடைகளில் சொல்லிப் பழகிய "வென்று காட்டிய கதை" ஒன்று தயாராக இருக்கும். அதைக் குறுக்கிடாமல் முழுவதும் கேட்ட பின்னர், படிக்கட்டைப் பற்றியும், இரு பாதங்களும் இரு அளவில் இருப்பதால் இரண்டு ஜோடி செருப்பு வாங்க நேர்ந்ததா என்பதைப் பற்றியும் கேளுங்கள்; என் அனுபவத்தில், உண்மையான பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.